சிவப்பு மையில எழுதின பேர்

இதுவா? பொன்னாடைம்மா. எனக்குத்தான் போத்துனாங்க. கல்யாண வீட்டுக்கெல்லாம் போகல. பையில மடிச்சு வச்சாலும் சரிகை எட்டிப் பாக்குது பாருங்க. அந்தக் கேடயம் உங்க காலை இடிக்குதா? இருங்க, இந்தப் பக்கமா எடுத்து வச்சுக்கிடுதேன்.

நான் நர்ஸ். வயலட்னு பேரு. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அதுல கடைசி ஒம்பது வருஷம் டயாலிசிஸ் வார்டு. கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு மெஷின் வச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுவோம்லா, அது. தாலுகா ஆஸ்பத்திரிதான், ஆறு மெஷின்தான். ஆனா எங்க வார்டுத் தரையில உங்க முகம் தெரியும். அப்படி வச்சிருப்பேன்.

இன்னைக்குத் திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரியில கூட்டம். பதினோரு ஊர்ல இருந்து டயாலிசிஸ் நர்சுங்க வந்திருந்தாங்க. நான் மேடையில நின்னு இருபது நிமிஷம் பேசுனேன். எல்லாரும் கைதட்டுனாங்க. என் பேச்சை அப்படியே போன்ல படம் புடிச்சுக்கிட்டாங்க. பொன்னாடை, கேடயம், சாப்பாடு. அதுக்கப்புறம் இந்த மூஞ்சியோட பஸ்ல வந்து உக்காந்திருக்கேன். உடம்பு சரியில்லையான்னு கேட்டீங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா.

உங்க ஊர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கா? சரி.

வெயிலுமுத்துன்னு ஒருத்தரு. அம்பத்திரெண்டு வயசு. மூணு வருஷம் என்கிட்டதான் வந்தாரு. திங்களும் வியாழனும். கையில ஆபரேஷன் பண்ணி ரத்தக் குழாயை இணைச்சு விட்டிருப்பாங்க, அதுல ரெண்டு ஊசி குத்தணும். நம்ம தையல் ஊசி மாதிரி இல்ல, ஆணி மாதிரி இருக்கும். மூணு வருஷத்துல எத்தனை தடவை குத்தியிருப்பேன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கிடுங்க. ஒரு தடவை கூடத் தப்பினதில்ல. அந்தக் கையை என் பிள்ளை கையை விட எனக்கு நல்லாத் தெரியும். அப்பேர்ப்பட்டவரு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வேற ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு. ரெண்டரை மணி நேரம் பஸ்ல, இங்க திருநெல்வேலிக்கு. வீட்டுக்கும் எங்க ஆஸ்பத்திரிக்கும் நடந்தா கால் மணி நேரம். இது நியாயமா சொல்லுங்க.

அப்படித்தான் நானும் ஆறு மாசமா கேட்டுக்கிட்டு இருந்தேன்.

கிட்னி வேலை செய்யலேன்னா குடிக்கிற தண்ணி வெளிய போகாது. உடம்புலயே தங்கும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், நெஞ்சுல தண்ணி கோத்துக்கிடும். ஆளையே கொண்டு போயிரும். அதனால ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணின்னு அளந்து சொல்லிருவோம். வந்த உடனே எடை பாப்போம். போன தடவை மெஷினை விட்டு இறங்கும்போது என்ன எடை, இப்ப என்ன எடை. கூடின எடை அம்புட்டும் தண்ணி. அதை மெஷின்ல வச்சு இழுக்கணும். ரெண்டு கிலோ ஏறியிருந்தா சுகமா இழுக்கலாம். அதுக்கு மேல போகப் போக அவங்களுக்குத்தான் கஷ்டம்.

இதை நான் படிச்சுப் படிச்சுச் சொல்லுவேன். கேக்க மாட்டாங்க. சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுதான் ஒரு பலகை வாங்கி வச்சேன். வெள்ளைப் பலகை, எடை மெஷினுக்கு நேர் மேல. ஒவ்வொருத்தர் பேரு, பக்கத்துல எத்தனை கிலோ ஏத்தம். ரெண்டுக்குக் கீழ வந்தா பச்சை மை. மேல போனா சிவப்பு. வார்டுல எல்லாரும் பாப்பாங்கல்லா, ஒரு ரோஷம் வரும்னு நினைச்சேன். வரவும் செஞ்சது. கனகசபாபதின்னு ஒரு வாத்தியார், ரிட்டயர் ஆனவரு. சிவப்பு மையில ஒரே ஒரு தடவைதான் அவர் பேரு வந்தது. அதுக்கப்புறம் மனுஷன் ரசம் கூட ஊத்திக்கிடல.

வெயிலுமுத்து பேரு மட்டும் சிவப்புலயே கிடக்கும். மூணு, மூணரை, மூணு எழுநூறு. எடை மெஷின்ல ஏறி நின்னுட்டு என் முகத்தைப் பாத்துச் சிரிப்பாரு. எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டா பத்திக்கிட்டு வரும். வெக்கமே இல்லையே இந்த மனுஷனுக்குன்னு நினைப்பேன். பயந்தவங்க சிலர் அப்படிச் சிரிப்பாங்க, இல்லியாம்மா? எனக்கு அது தோணல. இருபத்தெட்டு வருஷம் எத்தனை பேரு முகத்தைப் பாத்திருப்பேன்.

ஒரு நாள் அவர் எடை மெஷின்ல ஏறும்போது சொன்னேன். "வழி விடுங்கப்பா, தண்ணி லாரி வந்திருக்கு."

வார்டே சிரிச்சது. அவரும் சிரிச்சாரு. அதுல இருந்து அதுவே பேராப் போச்சு. கூட்டிப் பெருக்குற அம்மா கூட, "சிஸ்டர், தண்ணி லாரி வந்திருச்சு"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டா. நான் தடுக்கல. தமாஷ்தானேன்னு விட்டுட்டேன். வலியில கிடக்கிறவங்க நாலு பேரு சிரிச்சா நல்லதுதானேன்னு கூட நினைச்சேன்.

சித்திரை மாசம் ஒரு திங்கக்கிழமை. அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சிருந்தது. அன்னைக்கு அவர் பெஞ்சாதியும் கூட வந்திருந்தா. ஆவுடையம்மா. அதுக்கு முன்னாடி அவளை நான் பாத்ததில்ல. மெலிஞ்ச பொம்பளை, நல்ல சேலை உடுத்திக்கிட்டு வந்திருந்தா. வீட்டுக்காரரைக் காப்பாத்துற சிஸ்டரைப் பாக்கணும்னு வந்தாளாம். எனக்குக் கும்பிடு போட்டா.

வெயிலுமுத்து எடை மெஷின்ல ஏறுனாரு. நாலு கிலோ எண்ணூறு.

நாலு எண்ணூறும்மா! எனக்கு எப்படி இருக்கும்? முந்தின வாரம்தான் டாக்டர் ரவுண்ட்ஸ்ல, "சிஸ்டர், உங்க பலகை நல்லா வேலை செய்யுது, அந்த ஒருத்தரை மட்டும் சரி பண்ணுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருந்தாரு. நான் சிவப்பு மார்க்கரை எடுத்து, வழக்கமா எழுதுறதை விடப் பெருசா எழுதுனேன். எழுதிட்டு அந்த அம்மாகிட்டத் திரும்பி, "வீட்டுல குடத்தைப் பூட்டி வைக்கத் தெரியாதா? புருஷன் வேணுமா வேண்டாமா?"ன்னு கேட்டேன்.

அவ, "இல்ல சிஸ்டர், வீட்டுல அவுக குடிக்கதை நான் பாக்கல"ன்னா.

"வீட்டுல குடிக்கலேன்னா, அப்ப எங்க குடிக்காரு?"

"பொரிகடலை வறுக்கிற பட்டறையில நிக்காக சிஸ்டர். பூராவும் அடுப்பு. மணலைக் காய வச்சு அதுலதான் வறுக்கணும். வெக்கை தாங்காம…"

அப்பத்தான் எனக்கு அவர் என்ன வேலை பாக்காருன்னே தெரியும். மூணு வருஷம். ஃபைல்ல 'கூலி'ன்னு எழுதியிருந்தது, நானும் அதோட விட்டுட்டேன். அப்பவாவது மனசு இரங்கியிருக்கணும்லா? இரங்கல. பதிலுக்குப் பதில் பேசுதாளேன்னுதான் வந்தது. "வேலையைப் பத்தி நான் கேட்டனா?"ன்னுட்டேன்.

அவர் கையில ஒரு மஞ்சப் பை இருந்தது. வாங்கி, கட்டில் மேல கவுத்தேன். எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு கைலி, மாத்திரை, தயிர்ச்சோறு டப்பா, ஒரு துண்டு, பாதித் தண்ணியோட ஒரு பாட்டில். நான் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் புடிச்சு நாலு பக்கமும் காட்டுனேன். "பாத்துக்கிடுங்க, லாரி டேங்கோடதான் வந்திருக்கு."

"அது குடிக்கதுக்கு இல்ல சிஸ்டர்"ன்னாரு வெயிலுமுத்து. "துண்டை நனைச்சு உதட்டுல ஒத்திக்கிடுததுக்கு."

நான் சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க.

அது யார் சொல்லிக் கொடுத்தது தெரியுமா? நான்தான். தாகம் தாங்கலேன்னா குடிக்காதீங்க, ஈரத்துணியால உதட்டை ஒத்திக்கிடுங்கன்னு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவேன். அவர்கிட்டயும் சொல்லியிருக்கேன். அந்தத் துண்டை நான் கையால தூக்கிப் போட்டேன்மா. ஈரமாத்தான் இருந்தது.

அந்தத் தடவை அவர் சிரிக்கல. அந்த அம்மா சாமானையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துப் பையில வச்சா. பையை அவர் தலைமாட்டுல வச்சுட்டு வெளிய போயிட்டா. அவர் கட்டில்ல ஏறிச் சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டு, கையை மட்டும் என் பக்கமா நீட்டுனாரு.

இது வரைக்கும் எங்க வார்டுல இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இதுக்கு மேல உள்ளதை இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் வீட்டுக்காரர்கிட்ட கூட. நீங்க யாரோ, உங்க பேரு கூட நான் கேட்டுக்கிடல. அதனாலதான் வாய் வருதுன்னு நினைக்கேன்.

ஒரு தடவைக்கு மூணு லிட்டருக்கு மேல இழுக்கக்கூடாதுன்னு எங்க டாக்டர் உத்தரவு. அதுக்கு மேல இருந்தா அவரைக் கூப்பிடணும், மறுநாளும் வரச் சொல்லி மிச்சத்தை எடுக்கணும். நான் கூப்பிடல. மெஷின்ல நாலுன்னு வச்சேன். தெரியாம வைக்கல. கை தவறியும் வைக்கல. கொஞ்சம் கஷ்டப்பட்டாத்தான் புத்தி வரும்னு நினைச்சு வச்சேன்.

அதிகமா இழுத்தா என்ன ஆகும்னா, காலு பிடிச்சுக்கிடும். கெண்டைக்கால் கல்லு மாதிரி ஆயிரும். பெரிய ஆம்பளைங்க கூட ஐயோ அம்மான்னு கத்துவாங்க. கத்துனா நாங்க ஓடிப் போயி இழுக்கிறதை நிறுத்தி, காலை நீவி விட்டு, சலைன் விடுவோம். ரெண்டு நிமிஷத்துல சரியாயிரும். அவர் கத்துவாருன்னு நான் எதிர்பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கத்தட்டும், அப்ப நாலு வார்த்தை சொல்லுவோம்னு.

அவர் கத்தல.

மூணாவது மணி நேரத்துல பக்கத்துக் கட்டில் கனகசபாபதி சார்தான் சத்தம் போட்டாரு. "சிஸ்டர்! இங்க வாங்க, இவரைப் பாருங்க!" போயிப் பாத்தா துண்டை வாயில திணிச்சுக் கடிச்சுக்கிட்டு இருக்காரு. காலு ரெண்டும் முறுக்கிப் போயிக் கிடக்கு. உடம்பு பூரா வேர்வை, கண்ணு மேல சொருகுது. பிரஷர் பாத்தா எழுவது. நான் மெஷினை நிறுத்தி, கால் பக்கத்தைத் தூக்கி வச்சு, சலைனைத் திறந்து விட்டேன். கை தன்னால ஓடும்லா, இருபத்தெட்டு வருஷம். பத்து நிமிஷத்துல ஆள் தெளிஞ்சுட்டாரு.

"ஏன்யா கூப்பிடல? கூப்பிட வேண்டியதுதானே?"ன்னு அதட்டுனேன்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம் சிஸ்டர்"ன்னாரு.

நான் போயிச் சார்ட்டை எழுதுனேன். பிரஷர் இறங்கியது, சலைன் கொடுக்கப்பட்டதுன்னு எழுதுனேன். எத்தனை லிட்டர் வச்சதுங்கிற கட்டத்துல மூணுன்னு எழுதுனேன்.

மூணுன்னு எழுதுனேன்மா.

வியாழக்கிழமை அவர் வரல. மெஷினைக் கழுவித் தயாரா வச்சிருந்தேன், மணி பதினொண்ணு வரைக்கும். போன் பண்ணணும்னு விதி இருக்கு. பண்ணுனேன். ஆவுடையம்மா எடுத்தா. "வெளியூர் போயிருக்காக"ன்னா. எந்த ஊருன்னு நான் கேக்கல. ஒரு வாரம் மெஷின் இல்லேன்னா இந்த ஆளுங்க பிழைக்கிறது கஷ்டம். அது தெரிஞ்சும் மறுபடி போன் பண்ணல. ஏன்னா, போன் பண்ணி, செத்துப் போயிட்டாகன்னு அவ சொல்லிட்டா? வாசல்ல யார் நிழல் தட்டினாலும் அந்த அம்மாதான் வந்து நிக்காளோன்னு பாப்பேன். பதினெட்டு நாள் சோறு இறங்கல எனக்கு.

அப்புறம் கனகசபாபதி சார்தான் சொன்னாரு, அவரைத் திருநெல்வேலியில பாத்ததா. முதல் பஸ்ஸைப் புடிச்சுப் போறாராம். நல்லா இருக்காராம். அதைக் கேட்டதும் ஸ்டோர் ரூமுக்குள்ள போயி அழுதுட்டு வந்தேன். வந்த உடனே கோவம் வந்துட்டு. பாருங்க மனுஷ புத்தியை. இவ்வளவு செஞ்சவளை விட்டுட்டு சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரேன்னு. அந்தக் கோவத்தைப் புடிச்சுக்கிட்டு ஆறு மாசம் ஓட்டிட்டேன். கோவம் இருந்தா மத்தது நினைப்பு வராதுல்லா.

மத்ததுன்னா… இன்னொண்ணும் இருக்கு. அவருக்கு ஏன் அம்புட்டு எடை ஏறுச்சுன்னா, வாரத்துக்கு ரெண்டு தடவைதான் மெஷின். மூணு தடவை போட்டா இடைவெளி குறையும், ஏத்தமும் குறையும். எங்ககிட்ட ஒரு சனிக்கிழமை நேரம் காலியாச்சு, தை மாசம். யாருக்குத் தேவையோ போடுங்க சிஸ்டர்னு டாக்டர் என்கிட்டயே விட்டுட்டாரு. வெயிலுமுத்து அதைக் கேட்டாரு. "எனக்குப் போட்டு விடுங்க சிஸ்டர், கொஞ்சம் லேசா இருக்கும்"ன்னு கேட்டாரு. நான் கனகசபாபதி சாருக்குப் போட்டேன். அவர் பச்சை மைக்காரர்லா. கட்டுப்பாடா இருக்கிறவங்களுக்குத்தான் சலுகைன்னு சொன்னேன். கட்டுப்பாடா இருக்கிறவருக்கு அது தேவையே இல்லைங்கிறது ஒரு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

சரி, அவர் போயிட்டாரா? போனதும் என்ன ஆச்சு தெரியுமா? எங்க வார்டு சராசரி எறங்கிப் போச்சு. மாசா மாசம் மேலிடத்துக்குக் கணக்கு அனுப்புவோம், ஒரு நோயாளிக்குச் சராசரி எத்தனை கிலோ ஏத்தம்னு. நாலு கிலோக்காரர் ஒருத்தர் கழண்டா எறங்கத்தானே செய்யும்? ஆனா டாக்டர், "பலகையாலதான் சிஸ்டர்"ன்னாரு. மேலிடத்துல இருந்து பாராட்டுக் கடிதாசி வந்தது. எனக்கும் அது பலகையாலதான்னு தோண ஆரம்பிச்சிருச்சு. ஒரு பொய்யை நாலு பேரு நம்மகிட்ட நல்லபடியாச் சொன்னா, கேக்கச் சுகமாத்தான் இருக்கு. அப்படித்தான் இன்னைக்குப் பலகையைப் பத்திப் பேசச் சொல்லி என்னை மேடையில ஏத்துனாங்க.

கூட்டம் முடிஞ்சதும் அந்த ஆஸ்பத்திரி ஹெட் நர்ஸ் ஹாஜிரா, நல்ல பொண்ணு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், "எங்க வார்டை ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க மேடம்"னு கூட்டிக்கிட்டுப் போனா. அவர் அங்க வாரது எனக்குத் தெரியும். இன்னைக்கு அவர் நாளா இருக்கணும்னு ஒரு மனசு, இருக்கக்கூடாதுன்னு ஒரு மனசு. இருந்தா கையைப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுரணும்னு படியேறும்போதே சொல்லி வச்சுக்கிட்டுத்தான் போனேன்.

மூணாவது கட்டில்ல இருந்தாரு.

என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தாரு. கையில ரெண்டு ஊசி, ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கு, இவர் எந்திரிக்காரு! நானும் ஹாஜிராவும் ஒரே நேரத்துல ஓடிப் போயித் தோளை அமுக்குனோம். அவர் ஹாஜிராகிட்ட, "இது எங்க ஊரு சிஸ்டர். மூணு வருஷம் என்னைய இவுகதான் காப்பாத்துனாக"ன்னாரு. கேலி இல்லம்மா. கேலியா இருந்தாத் தாங்கிருப்பேன்.

"அப்படியா மேடம், உங்க பேஷண்ட்டா? அதான் இவ்வளவு கட்டுப்பாடு"ன்னா ஹாஜிரா. "இங்க மக வீடு இருக்குன்னு மாத்திக்கிட்டதாச் சொன்னாரு. மத்தவங்களுக்கு இவரைத்தான் காட்டிச் சொல்லுவேன்."

அவருக்கு மக கிடையாது. பிள்ளையே கிடையாது.

நான் வாயைத் திறந்தேன். மன்னிப்புக் கேக்கத்தான் திறந்தேன், கர்த்தர் சாட்சியா. வாயில இருந்து என்ன வந்தது தெரியுமா?

"ஏத்தம் எவ்வளவு?"

அவர் முகம் அப்படியே மாறிப் போச்சு. "ஒண்ணு எண்ணூறுதான் சிஸ்டர். சார்ட்ல இருக்கு, பாருங்க"ன்னாரு. வாத்தியார் முன்னாடி ஸ்லேட்டை நீட்டுத பிள்ளை மாதிரி. நான் பாத்தேன்மா. கட்டில் கால்மாட்டுல தொங்குன சார்ட்டை எடுத்து, நிசமாவே ஒண்ணு எண்ணூறுதானான்னு பாத்தேன். வாரத்துக்கு மூணு நாள்னு அதுலயே போட்டிருந்தது.

அந்த நேரம் பாத்து ஹாஜிரா ஒரு வார்த்தை சொன்னா. நல்ல மனசோடதான் சொன்னா. "அண்ணாச்சி, திங்கக்கிழமையில இருந்து உங்க சிஸ்டரோட பலகை இங்கயும் வருது. உங்க பேரு எந்த மையில வருதுன்னு பாக்கலாம்."

அவர் விரல்ல ஒரு கிளிப் மாட்டியிருந்தாங்க. நாடித்துடிப்பு பக்கத்துல ஸ்கிரீன்ல ஓடிக்கிட்டே இருக்கும். எண்பத்தி ரெண்டு இருந்தது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், தொண்ணூறு, நூறு, நூத்தி எட்டு, நூத்தி இருவது. ஸ்கிரீன் கத்த ஆரம்பிச்சுட்டு. ஹாஜிரா அதை அமுத்திட்டு, "ஏன் அண்ணாச்சி, என்ன செய்யுது?"ன்னா. "ஒண்ணும் இல்ல சிஸ்டர்"ன்னாரு. சிரிச்சாரு. அதே சிரிப்பு. இந்தத் தடவை எனக்கு அது என்னன்னு தெரிஞ்சது.

ஹாஜிராவை வெளிய கூட்டிக்கிட்டு வந்தேன். வராந்தாவுல ஒரு பெஞ்சு கிடந்தது, அதுல உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். லாரி, பை, துண்டு, சனிக்கிழமை நேரம், நாலு லிட்டர், மூணுன்னு எழுதினது. அவர் பேரை மட்டும் சொல்லல. ஒருத்தர்னுதான் சொன்னேன். உள்ள கிடக்கிற மனுஷனைத் திருப்பியும் எல்லாரும் திரும்பிப் பாக்குற மாதிரி ஆக்கிரக்கூடாதுன்னு. ஆனா அவளுக்குத் தெரிஞ்சுட்டு. கதவைத் திரும்பிப் பாத்தா.

அப்புறம், "இதை மேடையில சொல்லியிருக்கலாமே மேடம்"னா.

பொன்னாடை தோள்லயே கிடந்தது. எடுத்து மடிச்சுப் பைக்குள்ள திணிச்சேன்.

"நான் இங்க பலகை வைக்கல"ன்னா. "ஆனா மத்தவங்க எல்லாம் உங்க பேச்சைக் கேட்டுட்டுக் கிளம்பிட்டாங்களே."

வந்தவங்க போன் நம்பர் எல்லாம் அவகிட்ட இருந்தது. அனுப்பி விடச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுல நின்னு நாலு பேருக்குப் பேசிட்டேன். பலகை வைக்காதீங்க, என் கணக்கு தப்பு, அதிகம் ஏறுன ஆள் போனதாலதான் சராசரி குறைஞ்சதுன்னு. ஒருத்தி, "ரொம்பத் தன்னடக்கம் மேடம் உங்களுக்கு"ன்னு சிரிக்கா. அவளுக்கு நாளைக்குத் திருப்பியும் பேசணும். லாரிக் கதையையும் சொன்னாத்தான் நம்புவா போலருக்கு. மிச்சம் ஆறு பேரு இருக்காங்க. திங்கக்கிழமை டாக்டர்கிட்டப் போகணும். அந்தச் சார்ட்டை எடுத்துக் காட்டணும். மெமோ கொடுப்பாரு. ஒருவேளை அதுக்கும் மேல. ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கு. என் வீட்டுக்காரர் கேட்டா, உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னுதான் சொல்லுவாரு. போறேன்னுதான் நினைச்சிருக்கேன். நினைக்கிறதெல்லாம் செய்யுறவ இல்ல நான், அது இன்னைக்குப் பாத்தாச்சு.

இதைச் சொல்லிட்டு விட்டுருதேன். கிளம்புறதுக்கு முன்னாடி நான் திரும்பவும் உள்ள போனேன். பலகை வராதுன்னாவது அவர்கிட்ட சொல்லிரணும்னு.

கண்ணை மூடிக் கிடந்தாரு. தூங்குறவங்க கண்ணு எப்படி இருக்கும், தூங்குற மாதிரிக் கிடக்குறவங்க கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இமை துடிச்சுக்கிட்டு இருந்தது. பக்கத்துல போகல. கட்டில் கால் பக்கமா நின்னு, "அண்ணாச்சி, இங்க பலகை வைக்க மாட்டாங்க. நான் சொல்லிட்டேன்"ன்னு சொன்னேன். மூணு வருஷத்துல அவரை அண்ணாச்சின்னு கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம், "என்னை மன்னிச்சிருங்க"ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். காதுல விழுந்திருக்கும்.

அவர் கண்ணைத் திறக்கல. ஸ்கிரீனைப் பாத்தேன். நான் உள்ள வரும்போது எண்பத்தாறு. இப்ப நூத்திப் பதினாறு.

நான் அங்க நிக்க நிக்க அது ஏறுதும்மா. அவரு மன்னிச்சாரோ இல்லையோ, அவர் உடம்பு சொல்லுது, இவளை வெளிய அனுப்புன்னு. ஒரு நர்சுக்கு அதை விட வேற என்ன சொல்லணும்? சத்தம் இல்லாமத் திரும்பி வெளிய வந்துட்டேன்.

கதவுல சின்னதா ஒரு கண்ணாடி வச்சிருக்காங்க. அது வழியாப் பாத்துக்கிட்டு நின்னேன். நூத்தி நாலு. தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தி ரெண்டு. எண்பத்தஞ்சுக்கு வந்த பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தாரு. திறந்து, கால் மாட்டைப் பாத்தாரு, அப்புறம் மெல்லக் கதவுப் பக்கம் தலையைத் திருப்புனாரு.

நான் படக்குன்னு குனிஞ்சுக்கிட்டேன். அம்பத்தாறு வயசு பொம்பளை, பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவுல கதவுக்குக் கீழ குத்த வச்சு உக்காந்திருந்தேன். போறவங்க வாறவங்க எல்லாம், என்னம்மா, எதையாவது தொலைச்சுட்டீங்களான்னு கேட்டுக்கிட்டே போறாங்க.